நான் குத்திய சீல்

டாக்டர் பார்த்ததாகச் சொல்லும் சீலை டாக்டர் குத்தவில்லை. நான்தான் குத்தினேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினோரு வருஷம். இதை எழுதினால் எங்கள் ஊர்க் கறிக்கடைக்காரர்கள் என்னை வைவார்கள். வையட்டும். ஏற்கெனவே வைதுகொண்டுதான் இருக்கிறார்கள்.

பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினால் நடுவில் வருகிற ஊர்களில் ஒன்று எங்களுடையது. பெயர் எதற்கு? ஊர்க்கோடியில் ஆட்டுத்தொட்டி இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி இல்லை, ஆடு அறுப்பதற்கென்று அரசாங்கம் கட்டிக்கொடுத்த சிமெண்டுக் கொட்டகை. சட்டப்படி அங்கேதான் அறுக்க வேண்டும். அறுப்பதற்கு முன்னால் கால்நடை டாக்டர் ஆட்டை உயிரோடு பார்க்க வேண்டும். அறுத்த பிறகு ஈரலையும் நுரையீரலையும் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் தொடையில் நீல மையில் வட்டமாக ஒரு சீல் குத்த வேண்டும். அந்தச் சீல் இருந்தால்தான் கடையில் தொங்கவிடலாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

நடந்தது என்னவென்றால், அந்தச் சீலும் மைப்பெட்டியும் ஒரு மஞ்சப்பையில் தொட்டிச் சுவரில் ஆணியில் தொங்கும். அவரவர் ஆட்டை அறுத்து உரித்து, அவரவரே சீல் குத்திக்கொண்டு, பையை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுப் போவோம். மை காய்ந்துபோனால் யாராவது இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைப்பார்கள். எங்கள் கடையில் வெட்டுவது என் வீட்டுக்காரர், சீல் குத்துவது நான். என் கட்டைவிரல் எந்நேரமும் நீலமாகத்தான் இருக்கும். வருஷம் பூரா ஓட்டுப் போடுகிறாயா என்று கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

வாங்க வருகிறவர்களும் சீலைப் பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்துச் சனத்துக்கு வேறு அத்தாட்சி வேண்டும். தோல் உரிக்கும்போது வால் நுனியில் கொஞ்சம் மயிரை விட்டுவைப்போம், அது வெள்ளாடு என்பதற்கு. விதை இரண்டையும் அப்படியே விட்டுத் தொங்கவிடுவோம், அது கிடா என்பதற்கு. வருகிறவர்கள் நேராக அங்கேதான் பார்ப்பார்கள். விதை பெரிதாக இருந்தால், "அடேயப்பா, நல்ல கிடாம்மா, ஒரு கிலோ போடு" என்பார்கள். அதனால் சந்தையில் ஆடு பிடிக்கும்போது நான் பல்லைப் பார்ப்பேன், முதுகைத் தடவுவேன், கடைசியில் பின்பக்கம் குனிந்து பார்ப்பேன். பொம்பளை பார்க்கிற பார்வையா இது என்று வியாபாரிகள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் எங்கள் கொக்கி காலியாகிவிடும். ஆடு பிடிப்பதில் என் கை ராசியான கை என்று எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

அப்படி இருந்தபோதுதான் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் ஒன்றும் இருக்காது. சாயங்காலம் ஆனால் குளிரும், உடம்பு அனலாகக் கொதிக்கும், அப்புறம் பாயெல்லாம் நனைகிற மாதிரி வேர்த்துக் கொட்டும். பத்து நாள் இருக்கும், போகும், மறுபடி வரும். இடுப்பு பிடித்துக்கொண்டது. கத்தியைப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது என்று கீழே வைத்துவிடுவார். டைபாய்டு என்றார்கள், மாத்திரை சாப்பிட்டார். மலேரியா என்றார்கள், அதற்கும் சாப்பிட்டார். சளியை எடுத்துக் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று என் நாத்தனார் வந்து மிளகாய் சுற்றிப் போட்டாள். ஆறு மாசத்தில் ஆள் பாதியாகிவிட்டார். ஒற்றைக் கையால் ஆட்டைத் தூக்கிக் கொக்கியில் மாட்டுகிற மனுஷன், ஒரு செம்புத் தண்ணீரை இரண்டு கையால் பிடித்துக் குடித்தார். கடையில் கத்தி பிடிக்க நான் பழகிக்கொண்டேன்.

கடைசியில் பெரம்பலூரில் ஒரு டாக்டர், வயசானவர், மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார், "என்ன தொழில் பாக்கறீங்க?"

"கறிக்கடைங்க."

டாக்டர் அவர் கையை வாங்கி விரல்களைத் திருப்பிப் பார்த்தார். கத்தி பட்ட பழைய தழும்புகள், ஆறாத கீறல்கள். ரத்தத்தில் தனியாக ஒரு சோதனை எழுதிக்கொடுத்தார். முடிவு வந்ததும், இது சீக்கு ஆட்டிலிருந்து மனுஷனுக்கு வருகிற காய்ச்சல் என்றார். அந்த ஆட்டின் ரத்தம், கர்ப்பப்பை, விதை இதையெல்லாம் வெறுங்கையால் தொட்டால் கீறல் வழியாக உள்ளே போய்விடுமாம். காய்ச்சாத பாலிலும் வருமாம். நாள்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும், நடுவில் விடக்கூடாது என்றார். அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டார், "அறுக்கறதுக்கு முன்னாடி உங்க ஊர்ல டாக்டர் வந்து ஆட்டைப் பாக்கறதில்லையா?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் என் கட்டைவிரலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். "பாப்பாங்க சார்" என்றேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். நான் எச்சில் தொட்டு அந்த மையைத் தேய்த்துக்கொண்டே வந்தேன். போகவில்லை.

மறுநாள் ஆணியிலிருந்து மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு பேரூராட்சி ஆபீசுக்குப் போனேன். தொட்டிக்குப் பொறுப்பான மேஸ்திரி ஒருவர் அங்கே உண்டு. அவர் மேஜைமேல் பையை வைத்தேன்.

"இனிமே இத நான் தொட மாட்டேங்க. டாக்டர வரச் சொல்லுங்க. அவங்க பாத்து அவங்க கையால குத்தட்டும்."

அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, நல்லாத்தானே போயிட்டு இருக்கு? டாக்டர் ஒரே ஆளு. மூணு ஊரு ஆஸ்பத்திரி அவங்க தலையில. ஒங்க ரெண்டு ஆட்டுக்கு வந்து நிக்கணுமாக்கும்?"

"எங்க வூட்டுக்காரர் படுத்த படுக்கையா கெடக்குறாருங்க."

"அதுக்கு நான் என்னம்மா பண்ணுறது?"

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். ஒங்க வேலைய மட்டும் பண்ணுங்க" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிப்போயிற்று. நாலு மேஜை தள்ளி டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார்.

மேஸ்திரி எழுந்து நின்றார். "சரி. நீ குத்தாதே. ஆனா சீல் இல்லாம ஒரு துண்டு கறி தொங்கினாலும் கடையப் பூட்டிச் சாவிய எடுத்துட்டு வந்துருவேன். தீவாளி வேற வருது, யோசிச்சுக்க."

ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் பால் பட்டு விரல் வெந்து வளர்ந்தவள் நான். மேஜைக்குப் பின்னால் நிற்கிறவர் கத்தினால் பயந்துவிடுவேனா? ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது பயமாகத்தான் இருந்தது. தீபாவளி விற்பனையை நம்பித்தான் கறிக்கடை வருஷம் முழுக்க ஓடும். அன்றைக்குக் கடை பூட்டிக் கிடந்தால் வாடிக்கையெல்லாம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும், திரும்பி வராது. அவருடைய மருந்தும் பாதியில் நிற்கக்கூடாது. சீலைக் குத்தினால் கடை பிழைக்கும். குத்தினால் அந்தப் பெரம்பலூர் டாக்டரிடம் சொன்ன பொய்யை வாரா வாரம் சொன்னமாதிரி. இரண்டில் எது என்று மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

மற்றக் கடைக்காரர்கள் சமாதானத்துக்கு வந்தார்கள். "இத்தினி நாளு யாரு செத்துப்போனா அண்ணி? ஏன் இப்ப கெடந்து குதிக்கிறீங்க?" என்றார்கள். படுத்திருந்தவரைக் கைகாட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். போகிற வழியில் மஞ்சப்பையை ஆபீசிலிருந்து வாங்கி மறுபடி ஆணியில் மாட்டிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை ஒன்பது மணிக்கு மூன்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனேன். தொட்டிக்கு இல்லை. ஆபீசுக்கு. கேட்டின் கம்பியில் மூன்றையும் வரிசையாகக் கட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் கடைக்கு ஹலால் செய்து கொடுக்க வருகிற பாயும் கூட வந்தார். எங்களோடு இருபது வருஷப் பழக்கம், எங்கள் ஊரில் முக்கால்வாசி ஆடு அவர் கத்தியில்தான். "ஏம்மா, ஆபீஸ் வாசல்ல போயி... நல்லாவா இருக்கு?" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார். வந்து எனக்குக் குடை பிடித்தார்.

பத்து மணிக்கு ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். கேட்டைத் திறந்தால் ஆடும் சேர்ந்து நகரும், மூடினால் கத்தும். ஒரு ஆடு சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நோட்டீசைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்த சனமெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தது. மேஸ்திரி ஓடிவந்தார்.

"என்னம்மா அக்கிரமம் இது? அவுத்துக்கிட்டுப் போ!"

"டாக்டர் பாத்ததும் அவுக்கிறேங்க."

"போலீசக் கூப்பிடுவேன்."

"கூப்புடுங்க. அவங்களும் நாளைக்குக் கறி திங்கறவங்கதானே? எந்த ஆட்டுக் கறின்னு அவங்களும் பாக்கட்டும்."

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். மேஸ்திரி செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பன்னிரண்டு மணிக்கு ஸ்கூட்டியில் டாக்டர் வந்தார். முப்பது வயசு இருக்கும், பெண்பிள்ளை. எங்கோ ஒரு ஊரில் கன்று போடமுடியாத மாட்டுக்குப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார், முழங்கை வரை சோப்பு வாசனை. வண்டியை நிறுத்தியதும் நானும் வாயைத் திறந்தேன், ஆனால் அவர் முந்திக்கொண்டார். "திட்டணும்னா அப்புறம் திட்டுங்கம்மா. ஒங்க தொட்டியும் எனக்குத்தான்னு காயிதத்துல இருக்கு. நான் ஒருத்திதான் இருக்கேன். ஆட்டக் காட்டுங்க." முதல் ஆட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்காரருக்கு வந்த காய்ச்சலைப் பற்றிச் சொன்னேன்.

கண் இமையை இழுத்துப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். முதல் ஆடு சரி, இரண்டாவது சரி. மூன்றாவது நான் ஆசையாகப் பிடித்துவந்த கிடா. அந்தச் சந்தையிலேயே அதற்கு இணையாக வேறு கிடையாது. டாக்டர் அதன் பக்கம் போகும்போதே நான் பெருமையாகச் சொன்னேன், "பின்னாடி பாருங்க மேடம், எப்பிடிப்பட்ட கிடான்னு தெரியும்."

அவர் கையுறை மாட்டிக்கொண்டு குனிந்து தொட்டுப் பார்த்தார். ஆடு வலியில் துள்ளிக் கத்தியது. கூட்டத்தில் ஆம்பிளைகள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

"அம்மா, இது கிடாவுக்கு அழகில்லம்மா. வீக்கம். ஒரு பக்கம் எப்பிடிச் சுடுது பாருங்க."

மூன்று ஆட்டிலும் ரத்தம் எடுத்துச் சின்னக் குழாய்களில் வைத்தார். ரத்தம் உறைந்து மேலே தெளிந்த நீர் பிரியும்வரை வராந்தா நிழலில் எல்லோரும் காத்திருந்தோம். ஒரு வெள்ளைச் சில்லில் அந்த நீரை மூன்று சொட்டாக வைத்து, ஒவ்வொன்றிலும் ரோஸ் கலர் மருந்து ஒரு சொட்டு விட்டுக் குச்சியால் கலக்கினார். முதல் இரண்டும் அப்படியே வழவழவென்று இருந்தன. மூன்றாவது பால் திரிகிற மாதிரி திட்டுத் திட்டாகத் திரிந்தது.

"ஒங்க வீட்டுக்காரருக்கு வந்திருக்கே, அதே சீக்காத்தான் இருக்கும். பெரிய லேபுக்கும் அனுப்புறேன். ஆனா இத அறுக்கக் கூடாது. யாரும் கத்தி வைக்கக் கூடாது."

ஆட்டின் விலை போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. போன வருஷம் இதைவிடப் பெரிதாக ஒன்று பிடித்துவந்து கடை வாசலில் முதல் கொக்கியில் மாட்டி, வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்கு முன்னால் ஒன்று. அதற்கு முன்னாலும் இருந்திருக்கும். நான் தேடித் தேடிப் பிடித்து வந்தேன், வீட்டுக்காரர் வெறுங்கையால் உரித்துக் கழுவினார், நான் சீல் குத்தினேன். எந்த ஆட்டிலிருந்து அவருக்கு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டரும் சொன்னார். சொல்லிவிட்டால் மட்டும் ஆறிவிடுமா? அந்த வராந்தாவில் அத்தனை பேருக்கு முன்னால் வாய்விட்டு அழுதேன்.

மேஸ்திரிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. "போதுமாம்மா? கேட்டு வாங்கிக்கிட்டியே!" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "போதாதுங்க. எல்லாக் கடை ஆட்டையும் கொண்டாரச் சொல்லுங்க. என் ஆடே இப்பிடி இருந்தா மத்ததெல்லாம் எப்பிடி இருக்கும்?"

"வந்ததுதான் வந்துட்டேன், கொண்டாரச் சொல்லுங்க" என்று டாக்டரும் சொன்னார். இரண்டு கடைக்காரர்கள் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் பின்பக்கச் சந்து வழியாக ஆட்டை ஓட்டிக்கொண்டு மறைந்துபோனார்கள். அதையும் ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

எல்லாம் முடிந்து டாக்டர் கை கழுவும்போது பாய் அவர் பக்கத்தில் போய் நின்றார். காலையிலிருந்து எனக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தவர். மெதுவாகக் கேட்டார், "எனக்கும் ரெண்டு மாசமா சாயங்காலமானா குளிரடிக்குதும்மா. வயசாச்சுன்னு இருந்துட்டேன். அதுவும் இதானா இருக்குமா? யா அல்லாஹ், எத்தினி ஆடு இந்தக் கையில போயிருக்கு!" டாக்டர் அவரை உட்காரவைத்து, எங்கே போய் என்ன சோதனை செய்ய வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். மேஸ்திரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அந்தக் கிடாவுக்கு உயிர் போக ஊசி போட்டு, ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டி மூடினோம். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் பிடித்துவந்த கிடா என்பதையும், பெரம்பலூரில் சொன்ன பொய்யையும், அழுததையும். சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார், "நம்ம ஆட்டையே தள்ளிட்டாங்களா? அப்ப சரியாத்தான் பாத்துருக்காங்க புள்ள."

தீபாவளியன்று விடியும்போது டாக்டர் மறுபடி வந்தார், இந்தத் தடவை தொட்டிக்கே. ஈரலைக் கீறிப் பார்த்தார், அவர் கையாலேயே சீல் குத்தினார். எங்கள் கடையில் இரண்டு கொக்கியில் கறி தொங்கியது, மூன்றாவது காலி. விதையை நான் வெட்டி எறிந்துவிட்டேன். வந்தவர்கள் வழக்கம்போல அங்கே பார்த்தார்கள். "என்னம்மா, கிடாவா பொட்டையா? ஒண்ணும் தெரியலையே" என்றார்கள். "சீலப் பாருங்க" என்றேன். "மூணாவது ஆடு எங்க?" என்று கேட்டவர்களிடம் ஒளிக்கவில்லை, சீக்கு ஆடு, புதைத்துவிட்டோம் என்றேன். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்கள். சீக்கு ஆட்டைப் புதைத்த கடையில் வாங்கப் பயந்து, சந்து வழியாக ஓடிய ஆட்டை வாங்கினார்கள்! இவர்களை என்ன சொல்வது? ஆனால் நின்றவர்களும் இருந்தார்கள். இரண்டு ஆடும் எட்டு மணிக்கு முடிந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் வரவில்லை. தொட்டிக்குப் போய்ப் பார்த்தேன். ஆணியில் மஞ்சப்பை தொங்கியது. புது மைப்பெட்டி வேறு வாங்கி வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமைக்கென்று பிடித்து வைத்திருந்த இரண்டு ஆட்டையும் அவிழ்த்தேன். ஆஸ்பத்திரிக்குத் தவிர மாசக்கணக்கில் வாசலைத் தாண்டாத மனுஷன் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து செருப்பை மாட்டினார்.

"ஒங்களால முடியாதுங்க, படுங்க."

"ஒரு கயித்த இப்பிடிக் குடு" என்றார்.

நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்துதான் வந்தார். கயிற்றை மட்டும் விடவில்லை. நாங்கள் கடைத்தெரு முனையில் திரும்பும்போது மேஸ்திரி ஆபீஸ் கேட்டருகே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களையும் ஆட்டையும் பார்த்தார். டீயைக் கீழே வைத்துவிட்டுச் செல்போனை எடுத்துக் காதில் வைத்து, "டாக்டர் மேடம்" என்று ஆரம்பித்தார்.